தினமும் எடுக்கும் கூட்டு இன்ஹேலர்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மருத்துவர் எழுதிக்கொடுத்த கூட்டு இன்ஹேலரை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். இது தினமும் எடுக்க வேண்டியதா, மூச்சு முட்டும்போது மட்டும் எடுக்க வேண்டியதா, இல்லை இரண்டுக்குமா? மருந்துச்சீட்டில் புரியவில்லை என்றால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். இது தெரியாமல் தொடங்கினால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பலன் கிடைக்காது.

இந்தக் கட்டுரை, தினமும் எடுக்கும் கூட்டு இன்ஹேலரைப் பற்றியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் இது தரப்படுகிறது. எந்த மருந்து, எந்த அளவு என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அதை நுரையீரல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. இரண்டாவது வேலையை யாரும் நிதானமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். மாத்திரையை விழுங்கத் தெரியாதவர் கிடையாது. இன்ஹேலரை இழுப்பது அப்படியல்ல, அதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

உள்ளே இருப்பவை இரண்டு மருந்துகள்

ஒன்று ஸ்டீராய்டு. புளூட்டிகசோன், புடெசோனைடு, பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவர் சிவந்து வீங்கியிருப்பதைத் தணிப்பது இதன் பணி. மற்றொன்று, மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைத் தளர்த்தி நீண்ட நேரம் விரிந்த நிலையிலேயே வைத்திருக்கும் மருந்து. சால்மெட்டரால், ஃபார்மோட்டரால், விலான்டெரால் ஆகியவை இந்த வகை. முதல் இரண்டும் ஏறக்குறைய 12 மணி நேரம் வேலை செய்யும் என்பதால் காலையும் இரவும் எடுக்கச் சொல்வார்கள். விலான்டெரால் 24 மணி நேரம் தாங்கும், ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். சிலருக்கு மூன்றாவதாக இன்னொரு விரிப்பு மருந்தும் சேர்ந்த இன்ஹேலர் தரப்படும்.

அட்டையில் 250/50 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஸ்டீராய்டின் அளவு, இரண்டாவது விரிப்பு மருந்தின் அளவு, இரண்டுமே மைக்ரோகிராம் கணக்கு. உதாரணமாக, புளூட்டிகசோன்–சால்மெட்டரால் டிஸ்கஸ் (வட்டத் தட்டு போன்ற இன்ஹேலர்) 100/50, 250/50, 500/50 என்று மூன்று அளவுகளில் வருகிறது. மூன்றிலும் சால்மெட்டரால் அளவு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ‘100 இருப்பவர் இரண்டு தடவை இழுத்தால் 200 ஆகிவிடும்’ என்று கணக்குப் போடக்கூடாது. ஸ்டீராய்டு கூடும்போது விரிப்பு மருந்தும் இரட்டிப்பாகி, இதயம் படபடக்கும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் திருப்பிக்கொடுக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்குப் போனால் பெரியவர்களுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்லும். 250/50 இன்ஹேலரில் ஒரு இழுப்புக்கு இருக்கும் ஸ்டீராய்டு 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம். அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இரண்டும் வெவ்வேறு ஸ்டீராய்டுகள் என்பதால் எண்ணை மட்டும் வைத்துச் சரிக்குச் சரி ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும், தினமும் ஒழுங்காக இன்ஹேலர் எடுப்பவருக்கு மாத்திரையும் ஊசியும் தேவைப்படும் நாட்கள் குறைகின்றன என்பதுதான் முக்கியம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசையை வளர்க்கப் பேசப்படும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு வகை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் இரண்டையும் ஒரே கருவியில் வைக்கிறார்கள்? வசதிக்காக மட்டுமல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் நீண்ட நேர விரிப்பு மருந்தை மட்டும் தனியாக எடுப்பது ஆபத்தானது. மூச்சு சீராக வருவது போல இருக்கும், உள்ளே வீக்கமோ வளர்ந்துகொண்டிருக்கும். 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் சால்மெட்டராலைக் கூடுதலாக எடுத்தவர்களிடையே ஆஸ்துமா தொடர்பான மரணங்கள் அதிகமாக இருந்தன. ஸ்டீராய்டுடன் சேர்த்து ஒரே இன்ஹேலரில் தரும்போது அந்த ஆபத்து கூடுவதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மரண ஆபத்தைப் பற்றிக் கூட்டு இன்ஹேலர்களின் மருந்துத் தாளில் கட்டமிட்டு அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கையை நீக்கியது. கூட்டு இன்ஹேலரில் இரண்டும் பிரியாமல் வருவதால், ஸ்டீராய்டை மட்டும் விட்டுவிடும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

சி.ஓ.பி.டி.யில் நிலைமை தலைகீழ். அங்கே விரிப்பு மருந்துகள்தான் அடித்தளம். அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கும், இரத்தத்தில் இயோசினோஃபில் எனும் வெள்ளணுக்கள் அதிகம் இருப்பவர்களுக்கும்தான் ஸ்டீராய்டைச் சேர்ப்பதில் நல்ல பலன் கிடைக்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் என்றால் பலன் தெளிவாக இருக்கும், 100-க்குக் கீழே என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது. இந்த நோயாளிகளிடம் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு நிமோனியா வாய்ப்பைச் சற்று உயர்த்துவதால், மருத்துவர் இதை யோசித்தே எழுதுவார். ஆகவே ஆஸ்துமா உள்ள உறவினர் எடுக்கும் இன்ஹேலரை, சி.ஓ.பி.டி. உள்ள இன்னொருவர் கடன் வாங்கிப் பார்ப்பது சரியல்ல. பெட்டி ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு.

தினசரி இன்ஹேலரும் அவசர இன்ஹேலரும்

பெரும்பாலானவர்களிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கும். ஒன்று சால்புட்டமால் போன்ற விரைவு நிவாரண மருந்து. மூச்சு முட்டும்போது எடுத்தால் சில நிமிடங்களில் இளைப்பு தணியும், சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மற்றொன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் தினசரி இன்ஹேலர். சால்மெட்டரால் உள்ள கூட்டு இன்ஹேலரை அவசரத்துக்கு எடுக்கவே கூடாது. அது வேலையைத் தொடங்கவே நேரம் பிடிக்கும். விலான்டெரால் உள்ளதும் அவசரத்துக்கானது அல்ல.

ஃபார்மோட்டரால் மட்டும் விதிவிலக்கு. அது சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயை விரிக்கத் தொடங்கிவிடும். எனவே புடெசோனைடு–ஃபார்மோட்டரால், பெக்லோமெத்தசோன்–ஃபார்மோட்டரால் கூட்டுகளை ஆஸ்துமா உள்ள சிலருக்கு, ‘காலை மாலையும் இதுவே, மூச்சு முட்டினாலும் இதுவே’ என்று ஒரே இன்ஹேலராக எழுதிக்கொடுக்கிறார்கள். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் வெறும் சால்புட்டமாலை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று சொல்லிவருகிறது. உங்களுக்கு இந்த முறை எழுதப்பட்டிருந்தால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை இழுப்பு என்ற எல்லையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதப்படவில்லை என்றால் இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

தினசரி இன்ஹேலர் முதல் நாளே அற்புதம் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். விரிப்பு மருந்தின் பலன் அன்றே கொஞ்சம் தெரியலாம். ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டச் சில நாட்கள் ஆகும், முழுப்பலன் தெரியச் சில வாரங்கள்கூடப் பிடிக்கும். ‘மூன்று நாள் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்தியவர்கள் மருந்து வேலையைத் தொடங்கும் நேரத்தில் விலகிவிட்டவர்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்தக் கருவி?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. அவசரமாகப் படிப்பவர்கள்கூட இங்கே நின்று படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்ஹேலர்களில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கும். முதலாவது, ஒரு சிறு உலோகக் குப்பியை அழுத்தினால் மருந்து சீறிக்கொண்டு வெளிவரும் ஸ்பிரே வகை. இரண்டாவது, அழுத்த ஒன்றும் இல்லாமல், நாம் இழுக்கும் மூச்சின் வேகத்தாலேயே தூள் வெளியே வரும் உலர்தூள் வகை. இரண்டுக்கும் மூச்சை இழுக்கும் விதம் நேர் எதிர். ஸ்பிரேயை மெதுவாக இழுக்க வேண்டும், தூளை வேகமாக இழுக்க வேண்டும். ஸ்பிரேயை வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். தூளை மெதுவாக இழுத்தால் அது துகள்களாகப் பிரியாமல் கட்டியாகவே வந்து வாயில் ஒட்டும். அவசர இன்ஹேலர் ஸ்பிரேயாகவும் தினசரி இன்ஹேலர் தூளாகவும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்விடுவது மிகவும் சாதாரணம். முடியுமானால் இரண்டையும் ஒரே வகைக் கருவியாகத் தரமுடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்பிரே வகை

நேராக உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். படுத்துக்கொண்டு வேண்டாம். மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூடியில்லாமல் கைப்பையில் கிடந்த இன்ஹேலருக்குள் சிறு பொருள் புகுந்து, மூச்சோடு உள்ளே போய்விடும் ஆபத்து உண்மையானது.

புதிய குப்பி என்றால், முகத்துக்கு எதிரே இல்லாமல் காற்றில் சில முறை அழுத்தித் தயார்ப்படுத்த வேண்டும். எத்தனை முறை என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் நான்கு என்று உள்ளே வைத்திருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். பல நாட்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்தாலோ கீழே விழுந்துவிட்டாலோ மறுபடியும் தயார்ப்படுத்த வேண்டியிருக்கும்.

அடுத்து நன்றாகக் குலுக்குங்கள், ஐந்து நொடிகள் போதும். பெரும்பாலான ஸ்பிரேக்களில் மருந்துத் துகள்கள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். குலுக்காமல் அழுத்தினால் ஒருமுறை அதிகமாகவும் ஒருமுறை குறைவாகவும் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், முதல் இழுப்புக்கு மட்டும் அல்ல.

இப்போது மூச்சை வசதியாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே விடுங்கள். முகவாயைச் சற்று உயர்த்தி, வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையே வைத்து உதடுகளால் இறுக மூடுங்கள். நாக்கு வழியை மறைக்காமல் கீழே இருக்கட்டும். வாயால் மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய அதே கணத்தில் குப்பியை ஒருமுறை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் இழுப்பதை நிறுத்தாதீர்கள். நான்கு, ஐந்து நொடிகள் நீளும்படி நிதானமாக நுரையீரல் நிறையும்வரை இழுங்கள். பிறகு இன்ஹேலரை எடுத்துவிட்டு, உதடுகளை மூடி, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்திருங்கள். பத்து முடியாதவர்களுக்கு ஐந்து. அந்த நொடிகளில்தான் துகள்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் படிகின்றன. இரண்டாவது இழுப்பு இருந்தால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருந்து, குலுக்கி, முழுவதையும் மறுபடி செய்யுங்கள். ஒரே மூச்சில் இரண்டுமுறை அழுத்துவது கணக்குக்கு இரண்டு ஆகும், நுரையீரலுக்கு ஆகாது.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்வது கடினம். கை நடுங்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் கடினம். இதற்குத்தான் ஸ்பேசர் இருக்கிறது. ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை. சீறிவரும் மருந்து அதற்குள் வேகம் தணிந்து நிற்கும், நீங்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். தொண்டையில் படியும் மருந்தும் குறையும் என்பதால் வாய்ப்புண்ணும் குரல் கட்டுவதும் குறையும். ஸ்பேசர் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஸ்பிரே வகை தினசரி இன்ஹேலர் எடுக்கும் ஒவ்வொருவரும் அதை வைத்திருக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். பயன்படுத்தும் வரிசை இது:

1. இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கத்தில் பொருத்துங்கள்.
2. மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியை உதடுகளால் மூடுங்கள்.
3. ஒருமுறை மட்டும் அழுத்துங்கள்.
4. உடனே, காத்திருக்காமல், மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து நொடி பிடித்திருங்கள். ஒரே மூச்சில் முடியாதவர்கள் இயல்பாக ஐந்தாறு மூச்சுகள் ஸ்பேசருக்குள்ளேயே விட்டு இழுக்கலாம்.
5. அடுத்த இழுப்புக்கு மறுபடி குலுக்குவதிலிருந்து தொடங்குங்கள்.

சில ஸ்பேசர்கள் நீங்கள் மிக வேகமாக இழுத்தால் விசில் ஒலி எழுப்பும். அந்த ஒலி வரக்கூடாது. சிறு குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும். முகமூடி முகத்தில் இடைவெளியின்றிப் படிய வேண்டும், அழும் குழந்தைக்கு மருந்து சரியாகப் போகாது. புதிய பிளாஸ்டிக் ஸ்பேசரை முதலில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்து சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு மாதம் ஒருமுறை இப்படிக் கழுவினால் போதும்.

உலர்தூள் வகை

இதற்கு ஸ்பேசர் இல்லை. பொதுவாகக் குலுக்கவும் கூடாது. ஆனால் மருந்தை ஏற்றும் முறை கருவிக்குக் கருவி மாறுவதால், உங்கள் கருவியின் படத்தாளைக் கட்டாயம் பாருங்கள்.

டிஸ்கஸ் வட்டத் தட்டு போல இருக்கும். கட்டைவிரலால் திறந்து, சமமட்டமாகப் பிடித்து, நெம்புகோலை ‘கிளிக்’ என்று ஒலிக்கும்வரை தள்ள வேண்டும். எலிப்டாவில் மூடியைக் கிளிக் ஆகும்வரை திறந்தாலே ஒரு அளவு ஏறிவிடும். இழுக்கும்போது பக்கத்திலுள்ள காற்றுத் துளையை விரலால் மறைக்கக்கூடாது. டிஸ்கஸின் நெம்புகோலைச் சும்மா தள்ளியோ எலிப்டாவைச் சும்மா திறந்து மூடியோ விளையாடினால், ஒவ்வொரு முறையும் ஒரு அளவு மருந்து வீணாகும். டர்புஹேலரைச் செங்குத்தாகப் பிடித்து, அடிப்பகுதியை ஒரு பக்கம் கடைசிவரை திருகி, கிளிக் ஆகும்வரை திரும்பவும் திருக வேண்டும். அதை ஆட்டிப் பார்த்தால் கலகலவென்று ஒலிக்கும். அது மருந்து அல்ல, ஈரம் உறிஞ்சும் பொருள். மருந்து தீர்ந்த பிறகும் அந்த ஒலி வரும் என்பதால் ஒலியை நம்பி ஏமாறாதீர்கள். கேப்சூல் வைக்கும் கருவிகளில் கேப்சூலைப் பொருத்தித் துளையிட்டு இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள், உள்ளே தூள் மிச்சமிருந்தால் அதே கேப்சூலை இன்னொரு முறை இழுங்கள். இந்தக் கேப்சூல்களை மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடும் முதியவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மருந்து எடுத்துக்கொடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்து ஏறிய பிறகு எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். முகத்தைத் திருப்பி, கருவிக்கு வெளியே மூச்சை விடுங்கள். கருவிக்குள் ஊதினால் தூள் பறந்துவிடும், மூச்சின் ஈரத்தில் கட்டியும் ஆகும். உதடுகளால் இறுக மூடி, முதல் கணத்திலிருந்தே பலமாக, வேகமாக, ஆழமாக இழுங்கள். மெதுவாகத் தொடங்கிப் பிறகு வேகம் கூட்டுவது பயன்படாது, தூளைக் கிளப்புவது தொடக்க வேகம்தான். பிறகு கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பத்து நொடி மூச்சைப் பிடித்து, மெல்ல விடுங்கள். சில கருவிகளில் சுவையோ தூளோ எதுவும் நாக்கில் தெரியாது. தெரியவில்லையே என்று இன்னொரு முறை இழுக்க வேண்டாம்.

வேகமாக இழுக்கும் வலு இல்லாதவர்களுக்கு, குறிப்பாக முற்றிய சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும், இந்த வகை பொருந்தாமல் போகலாம். அதை மருத்துவரிடம் சொல்லி ஸ்பிரேயும் ஸ்பேசருமாக மாற்றிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

இழுத்து முடித்த உடனே

வாயை நீரால் கொப்பளித்து, தொண்டையையும் கரகரத்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். வாயில் தங்கிய ஸ்டீராய்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்திட்டுகள் தோன்றும், குரல் கம்மும். பல் துலக்குவதற்குச் சற்று முன்பு இன்ஹேலரை எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடும், காலையும் இரவும் மறக்காமலும் இருக்கும். ஆனால் தூள் இன்ஹேலரைக் குளியலறையில் வைக்காதீர்கள். அங்குள்ள ஈரம் அதற்கு எதிரி.

ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு உரியதை மட்டும் அதன் நேரத்தில் எடுங்கள். விட்டதற்காக இரண்டாக எடுக்க வேண்டாம்.

சுத்தமும் கணக்கும்

தூள் கருவியை நீரில் கழுவவே கூடாது, வாய்ப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரேக்களில் சிலவற்றின் பிளாஸ்டிக் உறையைக் கழுவலாம், சிலவற்றைத் துடைக்க மட்டுமே செய்யலாம். தாளைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்பிரேயை விட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் உள்ள குப்பி சூட்டில் வெடிக்கக்கூடும்.

மீதமுள்ள இழுப்புகளை எண்ணிக் காட்டும் கவுன்ட்டர் கருவியில் இருந்தால் அதை மட்டும் நம்புங்கள். டிஸ்கஸில் கடைசி ஐந்து எண்கள் சிவப்பாக வரும், அதற்கு முன்பே அடுத்ததை வாங்கிவையுங்கள். ஸ்பிரேயைக் குலுக்கிப் பார்த்தோ நீரில் மிதக்கவிட்டோ மீதம் கண்டுபிடிக்கும் பழைய வழிகள் தவறானவை. மருந்து தீர்ந்த பின்னும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: உறையைப் பிரித்த பிறகு சில இன்ஹேலர்களுக்குத் தனி ஆயுள் உண்டு. எலிப்டாவுக்கு ஆறு வாரம், வேறு சிலவற்றுக்கு ஒரு மாதமோ மூன்று மாதமோ. பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதியைவிட இது முன்னதாகவே முடிந்துவிடும். பிரித்த நாளன்றே தேதியைக் கருவியின் மேல் எழுதிவையுங்கள்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

இதய நோய், சீரற்ற இதயத் துடிப்பு, தைராய்டு, சர்க்கரை நோய், காசநோய், கண் அழுத்த நோய் இருந்தால் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ கண்ணுக்கோ பீட்டா தடுப்பு மருந்து எடுக்கிறீர்களா என்பதும் முக்கியம். கண்ணில் விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயை இறுக்கும், பலர் அதை மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. ரிட்டோனாவிர் (எச்.ஐ.வி. மருந்து), கீட்டோகொனசோல் (பூஞ்சைத் தொற்று மருந்து) போன்றவை ஸ்டீராய்டை உடலில் தேங்கவைக்கும். பல தூள் இன்ஹேலர்களில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்க்கப்படுகிறது. அதில் பால்புரதம் சிறிதளவு இருக்கக்கூடும் என்பதால் கடுமையான பால்புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றை எடுக்கக்கூடாது. கர்ப்பம் தரித்தவர்கள் பயந்து தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. மருத்துவரிடம் பேசித் தொடருங்கள்.

தொடக்கத்தில் கை லேசாக நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், தலைவலியும், தசைப்பிடிப்பும் வரலாம். பெரும்பாலும் பழகியபின் குறையும். அதிக அளவை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு எலும்பு, கண் ஆகியவற்றையும், குழந்தைகளுக்கு உயரத்தையும் மருத்துவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார். இழுத்த உடனேயே இளைப்பு கூடினால் மட்டும் அவசர இன்ஹேலரை எடுத்துவிட்டு, இதை மறுபடி எடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் சளி நிறமாற்றமும் கூடுதல் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நன்றாக இருக்கும்போது நிறுத்தலாமா?

கூடாது. நன்றாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஆஸ்துமா ஏறக்குறைய மூன்று மாதம் கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார், அதை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைக் கடந்த நான்கு வாரங்களை நினைத்து நீங்களே கேட்டுக்கொள்ளலாம். பகலில் வாரம் இரண்டு முறைக்கு மேல் இளைப்பு வந்ததா? ஆஸ்துமாவால் இரவில் விழித்தீர்களா? அவசர இன்ஹேலர் வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? எந்த வேலையையாவது மூச்சுக்காகக் குறைத்துக்கொண்டீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கட்டுப்பாடு முழுமையாக இல்லை. அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன், இழுக்கும் விதம் சரிதானா, வேளை தவறாமல் எடுத்தீர்களா, புகைப்பதை நிறுத்தினீர்களா என்று பாருங்கள். புகைப்பவர்களிடம் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு குறைவாகவே வேலை செய்கிறது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாதது, உதடு நீலம் பாய்வது, விலா இடுக்குகள் உள்வாங்குவது, குழப்பமோ மயக்கமோ வருவது, அவசர இன்ஹேலர் எடுத்தும் தணியாதது ஆகியவை ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய அறிகுறிகள். வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசரத் திட்டப்படி நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டிருங்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர் என்றால் அதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இவர்களில் பலருக்கு ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

மருந்துச்சீட்டு மட்டும் போதாது, இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப்போங்கள். ‘சரியாகத்தான் எடுக்கிறேன்’ என்று வாயால் சொல்லாமல், அவர் கண் முன்னே இழுத்துக் காட்டுங்கள். நன்றாகக் கற்றவர்களுக்கும் சில மாதங்களில் ஏதாவது ஒரு படி நழுவிவிடும். கருவியை மாற்றி வேறொன்று தந்தால், மருந்து அதேதான் என்று சொன்னாலும், புதிய கருவியை அங்கேயே ஒருமுறை பழகிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் உங்களுக்குத் தேவையா என்பதையும் அன்றே கேளுங்கள்.

தீர்ந்துபோன ஸ்பிரே குப்பியைத் துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே மிஞ்சியிருக்கும் உந்துவாயு புவியைச் சூடாக்கும் வாயுவும்கூட. பழைய இன்ஹேலர்களைத் திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.